‘எல்லாம் நார்மல்’ என்ற பிறகும் குமட்டுகிற பிள்ளை

காலை ஏழு மணிக்கு எங்கள் பரிசோதனைக் கூடத்தின் ஷட்டரைத் தூக்கும்போதே படியில் இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வந்தவர்கள். சேலத்தில் நான் இந்த வேலைக்கு வந்து 11 வருடம் ஆகிறது. காலையில் ரத்தம் எடுப்பது, பகலில் மெஷினில் சாம்பிள் ஓட்டுவது, சாயங்காலம் கவுன்ட்டரில் ரிப்போர்ட் கொடுப்பது என்று எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்தச் சாயங்கால வேலையில் ஒரு காட்சி மட்டும் திரும்பத் திரும்ப வரும். அம்மா ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் நார்மலாத்தானே கண்ணு இருக்கு?" என்று கேட்பார். "டாக்டர்கிட்ட காட்டிருங்கம்மா, மாறி எதுவும் இல்லை" என்பேன். அவர் முகம் தெளியும். பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகம் வாடிப்போகும். மாதக்கணக்கில் குமட்டிக்கொண்டிருக்கிற பிள்ளை அது. நார்மல் என்று தாளில் அச்சாகிவிட்டால், இனிமேல் தான் சொல்வதை வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள் என்று அதற்குத் தெரியும்.

சென்ற வருடம் என் அக்கா மகளும் அப்படித்தான் நின்றாள். 14 வயது, ஒன்பதாம் வகுப்பு, அம்மாப்பேட்டையில் வீடு. காலையானால் குமட்டல். வாந்தி எப்போதாவதுதான். இட்லியில் இரண்டு வாய் பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். எங்கம்மா குடலேற்றம் என்றார். எண்ணெய் தேய்த்து வயிற்றைத் தட்டிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அக்கா கண்ணு பட்டிருக்கும் என்றார், சுற்றிப் போட்டார்கள். மெடிக்கலில் வாந்தி மாத்திரை வாங்கிக் கொடுத்தும் பார்த்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு அவ்வளவாகக் குமட்டுவதில்லை என்று யாரோ கவனித்துச் சொன்ன பிறகு, வீடு ஒரு முடிவுக்கு வந்துவிட்டது: பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை, அதற்குத்தான் இந்தச் சாக்கு. கொஞ்ச நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நாள்பட்ட குமட்டல் உள்ள பிள்ளைக்கு, உள்ளே குழாய் விடாமல், மயக்க மருந்து கொடுக்காமல் செய்யக்கூடிய சோதனைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் ஒவ்வொன்றும் உடம்பிடம் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்கும். ‘நார்மல்’ என்று வந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் ‘இல்லை’ என்று அர்த்தம். கேட்காத கேள்விகள் அப்படியே கிடக்கின்றன.

குமட்டல் எப்படி இருக்கும் என்று சேலத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அடிவாரம் தாண்டி ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகள் எல்லோருக்கும் சின்ன வயதிலேயே சொல்லித்தந்துவிட்டன. கையில் எலுமிச்சம்பழத்தை வைத்து முகர்ந்துகொண்டு, வாயில் எச்சில் ஊற ஊற, நெற்றியில் குளிர்ந்த வியர்வையோடு ஜன்னலோரம் சாய்ந்து கிடந்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். அந்த நேரத்தில் வயிற்றில் என்ன கோளாறு? ஒன்றுமே இல்லை. பஸ்ஸுக்குள் பார்க்கும் கண், முன்சீட்டு அசையாமல் இருக்கிறது என்கிறது. உட்காதில் சமநிலை பார்க்கும் உறுப்பு, திரும்புகிறோம், சாய்கிறோம் என்கிறது. இரண்டு சேதியும் ஒத்துப்போகாததால் மூளை குமட்டலை எழுப்புகிறது. முன்பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துக்கொண்டே போனால் பலருக்கும் குறைவதும் இதனால்தான்.

இதிலிருந்து ஒரு விஷயம் பிடிபடும். குமட்டலை நாம் வயிற்றில் உணர்கிறோம், ஆனால் அது உண்டாகும் இடம் மூளை. பிடரிக்கு உள்ளே மூளைத்தண்டில் அதற்கான நரம்புக் கூட்டம் இருக்கிறது. அங்கே பல வழிகளில் சேதி வரும். காது ஒரு வழி. வயிறும் குடலும் இன்னொரு வழி: வேகஸ் என்ற நீளமான நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டு போகிறவைதான், கட்டளை இறக்கி வருபவை குறைவு. மூன்றாவது வழி ரத்தம். மூளைக்கும் ரத்தத்துக்கும் நடுவே பொதுவாக ஒரு தடுப்பு உண்டு. மூளைத்தண்டின் ஒரு சின்ன இடத்தில் மட்டும் அந்தத் தடுப்பு தளர்வாக இருக்கும். ரத்தத்தில் கலந்த நஞ்சு, மருந்து, ஹார்மோன், உடல் கழிவு எல்லாவற்றையும் அது மோப்பம் பிடிக்கும். பயம், நினைவு, வாசனை எல்லாம் மூளையின் மேல்தளத்திலிருந்து இறங்கி வருகிற வழி. தேர்வு நாளில் குமட்டுகிற பிள்ளைக்கு வருவதும் இதே குமட்டல்தான், நடிப்பு கிடையாது.

சரி, எப்போது நாள்பட்ட குமட்டல் என்கிறோம்? காய்ச்சலோடு இரண்டு நாள் வந்து போவதைப் பற்றி இங்கே பேசவில்லை. குடல் நோய் நிபுணர்கள் உலக அளவில் பின்பற்றும் ரோம் வரையறையின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது: வாரத்துக்குக் குறைந்தது இரண்டு தடவையாவது தொல்லை தரும் குமட்டல், இரண்டு மாதமாக, பொதுவாகச் சாப்பாட்டோடு தொடர்பில்லாமல், ஒவ்வொரு தடவையும் வாந்தியில் போய் முடியாமல். தகுந்த பரிசோதனைக்குப் பிறகும் வேறு நோயால் அதை விளக்க முடியாவிட்டால் அதற்குச் செயல்பாட்டுக் குமட்டல் என்று பெயர். உறுப்பின் வடிவம் சரியாக இருக்கிறது, அது வேலை செய்யும் விதத்திலோ அதன் சேதியை மூளை வாங்கிக்கொள்ளும் விதத்திலோ பிசகு இருக்கிறது என்று பொருள். இதற்கென்று ஒரு பெயரும் வரையறையும் இருப்பதைச் சொன்னாலே சில பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

முதல் சோதனைக்கு மெஷின் வேண்டாம், ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எத்தனை மணிக்கு, எவ்வளவு குமட்டல், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், கடைசியாக என்ன சாப்பிட்டாய், தலைவலி உண்டா, பெண் பிள்ளையானால் மாதவிடாய் எப்போது. இரண்டு வாரம் எழுதினால் போதும். அளவுக்கு 0 முதல் 10 வரை எண் போடலாம். சின்னப் பிள்ளைகளுக்கு எண் வராது. அவர்களுக்காகவே முகம் வரைந்த அளவுகோல் இருக்கிறது. சாதாரண முகத்தில் தொடங்கி வாந்தி எடுக்கும் முகம் வரை ஆறு படங்கள், பிள்ளை விரல் வைத்துக் காட்டும். ஆறேழு வயதுப் பிள்ளை ‘வயிறு வலிக்குது’ என்று சொல்வது பல நேரம் குமட்டலாகத்தான் இருக்கும். வாய்க்குள் எச்சில் ஊறுதா, சோறு வாசனை பிடிக்கலையா, ஓங்கரிக்குதா என்று கேட்டுப் பார்த்தால் தெரியும்.

நோட்டு எழுதிக்கொண்டு காத்திருக்கக் கூடாத நேரங்களும் உண்டு. காலையில் எழுந்ததும் தலைவலியோடு வாந்தி, பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பச்சை நிறத்தில் பித்தவாந்தி, வாந்தியில் ரத்தம், எடை குறைவது, உயரம் கூடாமல் நிற்பது, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, விழுங்கும்போது அடைப்பது, தொடர்ந்து காய்ச்சல், தாகமும் சிறுநீரும் அதிகமாவது. இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே டாக்டர். சேலம் ஜி.ஹெச். குழந்தைகள் பிரிவோ, பக்கத்தில் இருக்கும் குழந்தை மருத்துவரோ, யாராக இருந்தாலும் சரி. வயிறு வலிக்கிற பிள்ளையின் வயிற்றைத் தேய்ப்பது, தட்டுவது வேண்டவே வேண்டாம்; அது குடல்வால் வீக்கமாக இருந்தால் ஆபத்தாகிவிடும். எங்கள் வீட்டில் செய்தது தப்பு என்று அம்மாவிடமே சொல்லிவிட்டேன்.

அடுத்தது ரத்தமும் சிறுநீரும், என் பக்கத்து வேலை. டாக்டர் சீட்டில் வரிசையாக எழுதிக்கொடுப்பதைப் பார்த்தால் எதற்கு இத்தனை என்று தோன்றும். ரத்த அணுக்கள் கணக்கு: ரத்தசோகையா, தொற்றா? சர்க்கரை: நீரிழிவா? பிள்ளைகளுக்கு வரும் முதல் வகை நீரிழிவு சில சமயம் குமட்டலோடும் வாந்தியோடும்தான் முதலில் தலைகாட்டும். கிரியாட்டினின்: சிறுநீரகம் கழிவை வெளியேற்றுகிறதா? கல்லீரல் என்சைம்கள்: மஞ்சள் காமாலையில் கண் மஞ்சளாவதற்கு முன்னாலேயே சோற்றைக் கண்டால் குமட்டும், அப்போதே இந்த எண் ஏறியிருக்கும். லைபேஸ் கணையத்துக்கு. தைராய்டு ஒன்று. சோடியம் இறங்கிப் பொட்டாசியம் ஏறியிருந்தால் அட்ரீனல் சுரப்பியைப் பார்க்கச் சொல்வார்கள். அபூர்வம்தான், ஆனால் தவறவிடக் கூடாத ஒன்று. கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய்க்கும் ஒரு ரத்தப் பரிசோதனை உண்டு. வட இந்தியாவோடு ஒப்பிட்டால் தெற்கே அது ரொம்பக் குறைவு, என்றாலும் கேட்டு வைப்பார்கள். அதற்கு ரத்தம் கொடுக்கும் முன் கோதுமையை நிறுத்தியிருக்கக் கூடாது. சந்தேகப்பட்டுச் சப்பாத்தியை இரண்டு மாதம் விட்டுவிட்டு வந்தால் சோதனை ஏமாற்றிவிடும்.

சிறுநீரில் தொற்று, சர்க்கரை, கீட்டோன் (உடம்பு சர்க்கரைக்குப் பதில் கொழுப்பை எரிக்கும்போது வரும் பொருள்) பார்க்கலாம். வயதுக்கு வந்த பெண் பிள்ளையாக இருந்தால் கர்ப்பப் பரிசோதனையும் சீட்டில் இருக்கலாம். கவுன்ட்டரில் கோபப்பட்டுச் சண்டை போட்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே, சில மருந்துகள் போன்றவற்றுக்கு முன்னால் பொதுவாகப் பார்க்கும் சோதனை அது. உங்கள் மகளைப் பற்றி யாரும் எதுவும் நினைக்கவில்லை. தயவுசெய்து அந்தப் பிள்ளையை அங்கே வைத்துக் கூனிக்குறுக வைக்காதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்காட்டு மலையிலுள்ள நாகலூர், மஞ்சக்குட்டை பக்கமிருந்து காலை பஸ்ஸில் மலை இறங்கி வருவார்கள். பிள்ளையை முந்தின நாள் ராத்திரியிலிருந்து பட்டினி போட்டு, 20 வளைவும் இறக்கிக் கூட்டி வருவார்கள். வந்ததும் பிள்ளை எங்கள் வாசலிலேயே ஓங்கரிக்கும். மேலே சொன்ன சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பட்டினியே தேவையில்லை. ஒரு போன் போட்டு ‘சாப்பிட்டு வரலாமா’ என்று கேட்டுக்கொண்டால் போதும்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் குழப்பம் இங்கேதான் அதிகம். வயிற்றுப் புண்ணுக்குக் காரணமான இந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்கு ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. குழாய் விடாமல் இதைக் கண்டுபிடிக்க இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று மலத்தில் கிருமியின் புரதத்தைத் தேடுவது. மற்றது மூச்சுச் சோதனை: கார்பன்-13 சேர்த்த யூரியாவைக் குடிக்கக் கொடுப்பார்கள். வயிற்றில் கிருமி இருந்தால் அது யூரியாவை உடைக்கும், உடைந்த கார்பன் மூச்சுக்காற்றில் வெளியே வரும், பையில் ஊதச் சொல்லி அளப்பார்கள். கார்பன்-13இல் கதிர்வீச்சு கிடையாது, இயற்கையிலேயே இருப்பதுதான். சோதனைக்கு முன் அசிடிட்டி மாத்திரையை இரண்டு வாரமும் ஆன்டிபயாட்டிக்கை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று வரும். டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இவ்வளவு சுலபமான சோதனையாச்சே, முதலில் இதையே செய்துவிடலாமே என்று தோன்றும். பிள்ளைகள் விஷயத்தில் அப்படிச் செய்ய வேண்டாம் என்கிறார்கள் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைகள் குடல்நோய் மருத்துவச் சங்கங்கள். நம் நாட்டில் இந்தக் கிருமி எத்தனையோ பேர் வயிற்றில் எந்தத் தொந்தரவும் செய்யாமல் குடியிருக்கிறது. பாசிட்டிவ் என்று வந்தால் கிருமி இருக்கிறது என்றுதான் தெரியும். குமட்டலுக்கு அதுதான் காரணமா என்பது வேறு கேள்வி. அதனால் பிள்ளைகளிடம் இந்தச் சோதனை முக்கியமாக, சிகிச்சைக்குப் பிறகு கிருமி போய்விட்டதா என்று பார்க்கத்தான். ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் பார்க்கும் பைலோரி சோதனையை நம்பி முடிவெடுக்கவே கூடாது. கிருமி போன பிறகும் அது பாசிட்டிவாகவே நிற்கும்.

வயிற்று ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட், எல்லோருக்கும் தெரிந்தது. குளுகுளுவென்று ஜெல் தடவி, ஒலி அலையை அனுப்பி, திரும்பும் எதிரொலியில் படம் வரைவது. கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை. பித்தப்பையில் கல், கணைய வீக்கம், பெண் பிள்ளைகளுக்குச் சினைப்பைக் கட்டி எல்லாம் தெரியும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகத்திலிருந்து குழாய் தொடங்கும் இடத்தில் அடைப்பு விட்டுவிட்டு வரும். அடைக்கும்போது சிறுநீரகம் வீங்கி, விலாப்பக்கம் வலித்து, வாந்தி வரும். அடைப்பு விட்டதும் பிள்ளை விளையாடப் போய்விடும். நன்றாக இருக்கும் நாளில் ஸ்கேன் எடுத்தால் வீக்கம் தெரியாமலே போகலாம். அப்படிச் சந்தேகம் இருந்தால் தொந்தரவு வந்த அன்றே எடுக்கச் சொல்வார்கள்.

இதுவரை கேட்டதெல்லாம் வடிவத்தையும் ரசாயனத்தையும் பற்றிய கேள்விகள். வயிறு வேலை செய்கிறதா என்ற கேள்வி இன்னும் பாக்கி. சாப்பிட்டதை வயிறு எவ்வளவு நேரத்தில் குடலுக்குத் தள்ளுகிறது என்று பார்க்க, மிகக் கொஞ்சமாக டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த உணவைக் கொடுத்து, காமா கேமராவில் நான்கு மணி நேரம் வரை அவ்வப்போது படம் எடுப்பார்கள். நான்காவது மணியில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் வயிற்றிலேயே தங்கியிருந்தால் வயிறு மெதுவாகக் காலியாகிறது என்று பொருள். வழக்கமான சோதனை உணவு முட்டை வெள்ளைக்கரு. சைவப் பிள்ளையாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கதிர்வீச்சே வேண்டாம் என்றால் இதற்கும் கார்பன்-13 மூச்சுச் சோதனை இருக்கிறது: வயிற்றை விட்டு உணவு இறங்கிய பிறகுதான் அந்தக் கார்பன் உடம்பில் சேர்ந்து மூச்சில் வரும், வரும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவார்கள். இரண்டிலும் ஒரே குறை, மெதுவாகக் காலியாவதும் குமட்டலும் எப்போதும் கைகோத்துப் போவதில்லை. மெதுவாகக் காலியாகியும் சுகமாக இருப்பவர்கள் உண்டு. சரியாகக் காலியாகியும் நாள் முழுக்கக் குமட்டுகிறவர்கள் உண்டு.

அப்புறம், எனக்கு ரொம்பப் பிடித்த சோதனைக்கு வருகிறேன். இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பது போல வயிற்றுக்கும் எடுக்கலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? வயிற்றுத் தசைக்குள் கஹால் செல்கள் என்று ஒரு வகைச் செல்கள் இருக்கின்றன. அவற்றை விவரித்த ஸ்பெயின் நாட்டு ரமோன் இ கஹாலின் பெயர்தான் அது. நரம்பு மண்டல ஆய்வுக்காக 1906இல் நோபல் வாங்கியவர். இந்தச் செல்கள் நிமிடத்துக்கு மூன்று தடவை மின் அலை எழுப்பும். வயிற்றின் மேல்பாதியில் கிளம்பி, நொடிக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வேகத்தில் கீழ்வாய் நோக்கி நகர்ந்து போகும். ஒரு அலை போய்ச் சேர்வதற்குள் பின்னாலேயே அடுத்தது கிளம்பிவிடும். இந்தத் தாளத்துக்குத்தான் தசை சுருங்கி உணவை அரைக்கிறது.

இதை முதன்முதலில் பதிவு செய்தவர் கலிபோர்னியாவில் இருந்த வால்டர் அல்வாரெஸ், 1921இல். வயிற்றுச் சுவர் மிக மெலிந்துபோன ஒரு மூதாட்டிக்கு வயிற்றின் மேல் மின்முனை வைத்தபோது, உள்ளே அலை நகர்வதைக் கண்ணாலும் பார்க்க முடிந்தது, கருவியிலும் நிமிடத்துக்கு மூன்று அலை வந்தது. எலெக்ட்ரோகாஸ்ட்ரோகிராம் என்ற சோதனை அப்படித்தான் பிறந்தது. ஆனால் அது ஈ.சி.ஜி. மாதிரி எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை. காரணம், அந்த அலை தோலுக்கு வந்து சேரும்போது அவ்வளவு மெலிந்துவிடும். அக்கா வீட்டுத் தெருவில் பகலெல்லாம் தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு நடுவே கைக்கடிகாரத்தின் டிக் டிக்கைக் காது கொடுத்துக் கேட்பது போலத்தான் இது. இதயத் துடிப்பு, மூச்சு, பிள்ளை நெளிவது, குடலின் சொந்த அலை எல்லாம் மேலே ஏறி மூடிவிடும். மூன்று நான்கு மின்முனையை வைத்துக்கொண்டு அதைப் பிரித்தெடுப்பது கஷ்டம்.

அண்மைக் காலத்தில் இங்கேதான் பெரிய மாற்றம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஒரு குழு 64 மின்முனைகள் பதித்த மெல்லிய ஒட்டுப்பட்டையை உருவாக்கியிருக்கிறது. காஸ்ட்ரிக் அலிமெட்ரி என்று பெயர், 2022இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி கொடுத்தது. பட்டையை வயிற்றில் ஒட்டி, அரை மணி நேரம் வெறும் வயிற்றில் பதிவு செய்து, ஒரு சிறு சாப்பாடு கொடுத்து, அதன்பின் நான்கு மணி நேரம் சாய்ந்து உட்கார வைத்திருப்பார்கள். குமட்டல், உப்புசம், வலி என்று என்ன வந்தாலும் அந்தந்த நிமிடமே ஒரு திரையில் தொட்டுப் பதிய வேண்டும். அது முக்கியம். அலையின் தாளமும் குமட்டலும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும்போதுதான் கேள்வி கூர்மையாகிறது. அலை தாறுமாறாக இருந்து குமட்டினால் வயிற்றின் தசையையோ கஹால் செல்களையோ சந்தேகிக்கலாம். அலை சீராக ஓட, சாப்பிட்டதும் குமட்டல் ஏறினால் வயிறு அதீதமாக உணர்கிறதா என்று பார்க்கலாம். அலையும் சீர், சாப்பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்றால் வயிற்றை விட்டுவிட்டு வேறு பக்கம் தேடலாம். அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இன்னொரு வழியில், வயிற்று மின்சாரம் உண்டாக்கும் காந்தப்புலத்தையே, உடம்பைத் தொடாமல், திரவ ஹீலியத்தில் குளிர்வித்த உணரிகளால் அளந்திருக்கிறார்கள். எவ்வளவு நுட்பம் பாருங்கள்!

பெரியவர்களிடம் செய்த அளவுக்குப் பிள்ளைகளிடம் இந்த ஆய்வுகள் இன்னும் சேரவில்லை. எது சரியான அளவு என்பதையே வயதுவாரியாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இதுவும் எல்லாவற்றையும் சொல்லிவிடும் மந்திரக்கோல் இல்லை. ஆனாலும், குமட்டுகிறது என்று சொல்லும் பிள்ளைக்குத் திரையில் காட்ட ஒரு கோடு கிடைப்பதே பெரிய விஷயம் என்று நான் நினைக்கிறேன்.

எண்டோஸ்கோப்பிக்கு, அதாவது வாய்வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பதற்கு, எதிராக நான் பேசவில்லை. ரத்தவாந்தி, விழுங்க முடியாமை, எடை இறக்கம், ரத்தத்தில் சீலியாக் பாசிட்டிவ் என்றால் உள்ளே பார்த்துத் திசு எடுத்தே ஆக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. அப்படி எந்த அறிகுறியும் இல்லாத பிள்ளைக்கு அதையே முதல் சோதனையாகச் செய்யச் சொல்லி டாக்டரை நெருக்குவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

என் அக்கா மகளுக்கு 64 மின்முனையும் தேவைப்படவில்லை, காமா கேமராவும் தேவைப்படவில்லை. ரத்தம் நானே எடுத்தேன், எல்லாம் சரி. ஸ்கேனும் சரி. அந்தச் சாயங்காலம் அவள் முகம் வாடியதை நானே பார்த்தேன். அப்புறம்தான் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். இரண்டு வாரம் ஒழுங்காக எழுதினாள். குழந்தை மருத்துவர் ரிப்போர்ட்டுகளை ஓரமாக வைத்துவிட்டு அந்த நோட்டைத்தான் முதலில் படித்தார். திங்கள் 7, செவ்வாய் 3, புதன் 7, வியாழன் 3.

"திங்களும் புதனும் என்னம்மா ஸ்கூல்ல?"

"கிரவுண்ட்ல பிரேயர் டாக்டர். மத்த நாள் கிளாஸ்லயே."

"எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"இருபது நிமிஷம் இருக்கும்."

பக்கத்தைத் திருப்பினார். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 8 என்று இருந்தது. "அன்னைக்கு லீவாச்சே?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். ஆடி மாதம், கோட்டை மாரியம்மன் கோயில் வரிசை. நானும்தான் கூட நின்றிருந்தேன். பாதியில் உட்கார்ந்துவிட்டாள், வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் அவளைக் கட்டிலில் படுக்க வைத்தார். பத்து நிமிடம் பேச்சில்லை. கையில் பி.பி. பட்டை, விரலில் நாடித்துடிப்பு காட்டும் கிளிப். நாடி 76. எழுந்து, எதிலும் சாயாமல், காலை ஆட்டாமல் நிற்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் 102. மூன்றாவது நிமிடத்தில் 114. ஐந்தாவதில் 121, உதடு வெளுத்துவிட்டது, ரத்த அழுத்தம் இறங்கவில்லை. "சித்தி, வருது" என்றாள். நர்ஸ் தட்டை நீட்டினார். மாதக்கணக்காக யாரும் நம்பாத குமட்டல் அன்று எங்கள் எல்லோர் கண்முன்னாலும் வந்து நின்றது. அக்கா அழுதுவிட்டாள்.

நிற்கும்போது ரத்தம் காலுக்கு இறங்கும். அதை மேலே தள்ளும் தானியங்கி நரம்பு மண்டலம் தடுமாறினால் இதயம் ஓடி ஓடி ஈடுகட்டும். 12 முதல் 19 வயதுக்குள், நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடி, படுத்திருந்தபோது இருந்ததை விட 40ஓ அதற்கு மேலோ கூடி, ரத்த அழுத்தம் இறங்காமல், மூன்று மாதமாகத் தொந்தரவும் இருந்தால் அதற்குப் பாட்ஸ் என்று பெயர். தலைசுற்றல்தான் இதில் பிரபலம், ஆனால் வளர்பருவப் பிள்ளைகளின் நாள்பட்ட குமட்டலுக்குப் பின்னால் இது பலமுறை ஒளிந்திருக்கும். ரத்தசோகை, தைராய்டு, இதயக் கோளாறு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் அந்தப் பெயரைச் சொன்னார். இந்தச் சோதனையை வீட்டில் செய்து பார்க்காதீர்கள், பிள்ளை மயங்கி விழலாம்.

வைத்தியம் இதுதான்: கட்டிலை விட்டு எழும் முன்பே ஒரு பெரிய டம்ளர் உப்புப் போட்ட மோர், நாள் முழுக்கத் தண்ணீர், டாக்டர் சொன்ன அளவில் கூடுதல் உப்பு, காலுக்குப் படிப்படியாக உடற்பயிற்சி. உப்பு எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது, சிறுநீரகமோ ரத்த அழுத்தமோ சரியில்லாதவர்களுக்குக் கெடுதல். பள்ளியில் சீட்டைக் காட்டியதும் பிரேயரில் உட்கார விட்டார்கள். உடனே எல்லாம் மாறிவிடவில்லை. இரண்டு மாதம் கழித்து நோட்டில் 7 என்ற எண் குறைய ஆரம்பித்தது. இப்போது பெரும்பாலும் 2, 3. சில நாள் 5 வரும், அன்று படுத்துக்கொள்வாள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

இந்த ஆடிக்கும் கோட்டை மாரியம்மன் கோயிலுக்குப் போனோம். வரிசை போன வருடத்தை விட நீளம். கையில் ஒரு லிட்டர் பாட்டில், நிற்கும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டே இருந்தாள், நடுவில் ஒரு தடவை படியில் உட்கார்ந்தாள். தரிசனம் முடிந்து வெளியே வந்ததும் தட்டுவடை செட் கேட்டாள். ராத்திரி நோட்டை எடுத்துப் பார்த்தேன். கோயில், 45 நிமிஷம், 3 என்று எழுதியிருந்தாள்.